முன்னால் இரண்டு காலியிடம்

அதிகாலை நாலேகால்.
கலிசியக் கடலோரத்து மீன் ஏலக்கூடத்தில்
காய்ந்திருக்கும் ஒரே பொருள்
என் மடிக்கணினி.

பழைய மென்பொருள் ஒரு சாம்பல் நிறச் சன்னல்.
பதினேழு பொத்தான்கள்.
ஒன்பதுக்கு என்ன வேலை என்று
எழுதியவரே மறந்திருப்பார்.
மாற்றியாக வேண்டும் என்றது மீனவர் கூட்டுறவு:
உலாவியில் திறக்க வேண்டும்,
மாட்ரிட் வியாபாரி படுக்கையிலிருந்தே ஏலம் கேட்க வேண்டும்,
கைபேசியில் அழகாய் விரிய வேண்டும்.
ஒப்பந்தத்தில் 'அழகாய்' என்றே இருக்கிறது,
நான்காம் பக்கம்.

எடைமேடையருகே ப்ரெய்ஷோ
ரப்பர் கையுறையோடு தட்டுகிறான்.
எஃப் ஏழு, மூன்று, கீழ் அம்பு, என்டர்.
ஒரு பெட்டி கானாங்கெளுத்தி போயாயிற்று.
எஃப் ஏழு, ஒன்று, என்டர்.
சாக்கணவாய்.
திரையை அவன் பார்ப்பதே இல்லை.
சோறு பிசைகிறவன் கையைப் பார்ப்பானா?

சுட்டி எங்கே என்றேன்.
சுவரில், ஆணியில் தொங்கியது,
வாலைப் பிடித்துத் தூக்கிய எலிபோல.
"செதில் ஒட்டிக்கொள்ளும்" என்றான்.

என் வரைவிலோ சுட்டிக்கு மட்டும்தான் வேலை.
நிழல் விழும் பொத்தான்கள்,
மெல்லத் திறக்கும் இழுப்பறைகள்,
விரல் வைத்தால் நீலமாகும் பட்டியல்.
அன்றிரவு விடுதியில் எல்லாவற்றையும் அழித்தேன்.
இல்லை, எல்லாவற்றையும் இல்லை.
நீலத்தை வைத்துக்கொண்டேன்.
அந்த நீலத்தைத் தேர்ந்தெடுக்க
மூன்று நாள் ஆகியிருந்தது.

ஜூனில் புதியது ஓடத் தொடங்கியது.
எஃப் ஏழு எஃப் ஏழாகவே இருக்க
உலாவியோடு மல்லுக்கட்டி வென்றிருந்தேன்.
இருபத்தெட்டு ஆண்டுப் பதிவுகள்
ஒரே இரவில் வீடு மாறின.
ஒரு வரிகூடக் குறையவில்லை என்று
சோதனைகள் பச்சை காட்டின.
நிம்மதியாகத் தூங்கினேன்.

விடியுமுன் அழைப்பு.
"காலியிடம் எங்கே?"
எந்தக் காலியிடம்?
"படகுப் பெயருக்கு முன்னால். இரண்டு."

பெயருக்கு முன் புள்ளி இருந்தால்
பனிக்கட்டிக் கடையில் பாக்கி.
ஒரு காலியிடம் இருந்தால்
தராசோடு சண்டை பிடிக்கிற ஆள், இருமுறை நிறு.
இரண்டு இருந்தால்
பெயர் தானாகவே பட்டியலின் தலைக்கு ஏறிவிடும்,
அகரவரிசைக்கும் மேலே,
எல்லாருக்கும் முன்னால்.
அமாரோ லொவ்ரிதோவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
ஏழரைக்குப் பேருந்து.
அவர் மீன் முதலில் விலைபோக வேண்டும்.

விதிப்புத்தகத்தில் இல்லை இது.
கூட்டத்தில் யாரும் பேசியதுமில்லை.
கையேடு முழுக்கப் படித்தேனே,
மூன்று முறை படித்தேனே,
வெற்றுத்தாளில் ஊர் இருந்ததை
எப்படிப் படிப்பது?

நான் எழுதியது ஒரே ஒரு கட்டளை.
சொல்லின் ஓரத்து வெற்றிடங்களைக்
கத்தரித்து எறியும் கட்டளை.
சுத்தம் செய்கிறேன் என்றுதான் எழுதினேன்,
கொஞ்சம் பெருமையாகக்கூட.
தரவு சுத்தமாகத்தான் இருந்தது.
அமாரோ அன்று பேருந்தைத் தவறவிட்டார்.

'முன்னுரிமை' என்றொரு கட்டம் வைக்கிறேன் என்றேன்,
டிக் செய்தால் போதும், பக்கத்தில் காரணம்.
ப்ரெய்ஷோ கையுறையைக் கழற்றினான்.
அவன் விரல்களை முதல்முறை பார்த்தேன்.
"காரணம் எழுதினால் மாட்ரிட்காரனும் படிப்பான்.
அமாரோவும் படிப்பார்."

பழைய நகலிலிருந்து
ஒவ்வொரு காலியிடமாகத் திரும்பக் கொண்டுவந்தேன்.
நாற்பத்தொரு படகுகள்.
மூன்று ஏற்கெனவே விற்றுப்போனவை,
ஒன்றின் உரிமையாளர் இறந்து ஆறு வருடம்.
அவற்றுக்கும் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குப் பிறகு வருகிறவருக்குக் குறிப்பு எழுதினேன்:
இந்தப் புலத்தைக் கத்தரிக்காதே.
ஏன் என்ற இடத்தில்
இடைவெளிப் பட்டையை இரண்டு முறை தட்டினேன்.

நீலம் நன்றாயிருக்கிறது என்று
இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.